பெருநாள் இறைச்சியை வெதுவெதுப்பாகக் கொண்டு போகாதீர்கள்



பதிவு நீளம். கோபம் வருகிறவர்கள் முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்குகிறது. பெருநாள் கழிந்த அடுத்தடுத்த நாட்களில் நம்மட பக்கத்தில் இருந்து வேன் வேனாகக் குடும்பங்கள் கொழும்புக்குப் போகும், கண்டிக்குப் போகும், புத்தளத்துக்குப் போகும். கட்டிக் கொடுத்த மகளைப் பார்க்க, சாச்சா வீட்டில் எல்லாரும் ஒன்றுகூட, புது மருமகனுக்கு விருந்து கொடுக்க. அல்ஹம்துலில்லாஹ், நல்ல வழக்கம். ஒவ்வொரு வேனிலும் கடைசி சீட்டுக்குக் கீழே பழைய பெட்ஷீட்டில் சுற்றிய ஒரு பெரிய சட்டி இருக்கும். உள்ளே குர்பான் இறைச்சிக் கறி. இப்போது அதற்குப் பக்கத்தில் இன்னொரு பொதியும் சேர்ந்திருக்கிறது: நம்மட பொடியன்மார் வீட்டு முற்றத்தில் புகை போட்டு எடுத்த விலா எலும்பு. அந்தச் சட்டியையும் அந்தப் பொதியையும் பற்றித்தான் பேசப் போகிறேன்.

சமைத்த இறைச்சியைக் கொண்டு போவதென்றால் கை வைக்க முடியாத சூட்டில் கொண்டு போங்கள், அல்லது ஐஸில் குளிரக் குளிரக் கொண்டு போங்கள். இரண்டும் முடியாதென்றால் சமைக்காமல் கொண்டு போங்கள். வெதுவெதுப்பாகக் கொண்டு போய்ப் பிள்ளைகளுக்கும் வயசாளிகளுக்கும் ஊட்டாதீர்கள். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். இதைச் சொன்னால் "டீச்சர் பெருநாளையும் பாடமாக்கிட்டா" என்று சிரிக்கிறார்கள். சிரியுங்கள், பரவாயில்லை. கணக்கை மட்டும் பாருங்கள்.

கொழும்புக்குப் போகும் வீட்டில் உம்மாவோ மருமகளோ இரவு ஒரு மணிக்கு எழும்புகிறா. சுபஹுக்கு முன், நாலு மணிபோல் கறி அடுப்பை விட்டு இறங்குகிறது. மூடியை இறுக்கி, துணி சுற்றி, சுபஹ் தொழுதுவிட்டு வேன் புறப்படுகிறது. ஓட்டமாவடி, மன்னம்பிட்டி, பொலன்னறுவை, ஹபரணை. தம்புள்ளையில் தேநீர். குருநாகலில் பிள்ளை வாந்தி எடுக்க ஒரு நிறுத்தம். கொழும்பில் வாகன நெரிசல். இறங்கி, ஸலாம் சொல்லி, லுஹர் தொழுது, காலியில் இருந்து வரும் மாமா குடும்பத்துக்காகக் காத்திருந்து, சோறு திறக்கும் போது இரண்டரை மணி. நாலு மணிக்கு இறக்கிய கறி இரண்டரை மணிக்குத் தட்டில். பத்தரை மணித்தியாலம்.

"துணி சுத்தி இருக்கு, சூடு அப்படியே நிக்கும்" என்கிறார்கள். துணி சூட்டைப் பிடித்து வைக்கும், உண்மைதான். எந்தச் சூட்டை என்பதுதான் கேள்வி. முதல் சில மணித்தியாலம் கறி கொதிசூட்டில் இருந்து இறங்கிக் கொண்டே வரும். பிறகு ஐம்பது பாகை, நாற்பத்தைந்து பாகை, நாற்பது பாகை என்ற இடத்தில் துணி அதை மணிக்கணக்கில் பிடித்து வைக்கும். கோழி முட்டை பொரிக்க வைக்கிற பெட்டியில் சூடு 38 பாகை அளவில் இருக்கும். நாமும் ஒரு பொரிக்கும் பெட்டியைத்தான் கட்டி எடுத்துக் கொண்டு போகிறோம்.

உலக சுகாதார நிறுவனம் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவுப் பாதுகாப்புச் சுவரொட்டியில் இது எளிமையாக இருக்கிறது. சமைத்த உணவை அறை வெப்பநிலையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் விடக் கூடாது. சூடாக வைப்பதென்றால் 60 பாகை செல்சியசுக்கு மேல், குளிராக வைப்பதென்றால் 5 பாகைக்குக் கீழ். இரண்டுக்கும் இடையில் உள்ள இடம்தான் ஆபத்து. அமெரிக்காவில் இன்னும் கண்டிப்பு: வெளியே 32 பாகைக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணித்தியாலம்தான் என்கிறார்கள். நம்மட ஊர்ப் பகலில் 32 பாகை புதினமான விசயமா?

"நல்லாக் கொதிச்ச கறிதானே, எல்லாக் கிருமியும் செத்துப் போயிருக்கும்" என்பது அடுத்தது. எல்லாம் சாகாது. குளொஸ்ட்ரிடியம் பேர்பிரிஞ்சன்ஸ் என்று ஒரு பற்றீரியா இருக்கிறது. மண்ணிலும் மிருகத்தின் குடலிலும் சாதாரணமாக இருப்பது. அது வித்தியாக மாறி ஒளிந்து கொள்ளும். கறி கொதிக்கும் போது மற்றக் கிருமிகள் சாகும், இந்த வித்தி சாகாது. சூடு இறங்க இறங்க அது விழிக்கும். போட்டிக்கு வேறு கிருமியும் இல்லை. அதற்குக் காற்றும் தேவையில்லை, ஆழமான சட்டியின் நடுவில் கெட்டியான கறிக்குள் இருப்பதுதான் அதற்கு வசதி. 43 முதல் 47 பாகை வரையில் அது பத்து நிமிடம் அளவில் ஒன்று இரண்டாகும். ஒன்றில் தொடங்கினால் ஒரு மணித்தியாலத்தில் 64, இரண்டு மணித்தியாலத்தில் 4,096, மூன்று மணித்தியாலத்தில் 2,62,144. இது கணக்குப் புத்தகக் கணக்கு. சட்டிக்குள் இவ்வளவு ஒழுங்காக நடக்காது, விழிக்கவும் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஆனால் நீங்கள் அதற்குக் கொடுப்பது மூன்று மணித்தியாலம் அல்லவே, அதைவிட எத்தனையோ கூட.

இந்த வகை நோய் சாப்பிட்ட உடனே வராது. எட்டு மணித்தியாலம், பன்னிரண்டு மணித்தியாலம், சிலவேளை இன்னும் பிந்தி, வயிற்றைப் பிடித்து முறுக்கிக் கொண்டு கழியத் தொடங்கும். பகல் சாப்பாடு நடுச்சாமத்தில் வேலையைக் காட்டும். அதனால்தான் பழி எப்போதும் பிழையான இடத்தில் விழுகிறது. "ராவைக்குச் சாப்பிட்ட கொத்து சரியில்ல", "கொழும்புத் தண்ணி ஒத்துக் கொள்ளல்ல", "வழியில யாரோ கண்ணூறு பட்டிருக்கு". கண்ணூறு உண்மை என்று நம்புகிறவள்தான் நானும். ஆனால் ஒரே சட்டியில் சாப்பிட்ட அத்தனை பேருக்கும் ஒரே இரவில் வயிறு கழிந்தால், கண்ணூறுக்கு முன் சட்டியைப் பாருங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்தது. ஊர், பெயர் வேண்டாம். ஒன்றுகூடலுக்குப் போன இடத்தில் இரவு பதினைந்து பேருக்கு மேல் வயிற்றால் போனது. உம்மம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் இரண்டு நாள் சேலைன் ஏற்றினார்கள். மற்றவர்கள் அடுத்த நாளே எழும்பிவிட்டார்கள். எழும்பாதது ஒன்றுதான்: கறி ஆக்கிய மருமகளின் பெயர். "அவட கை சுத்தமில்ல" என்று மாமி பக்கத்தில் ஒருவர் சொல்ல, மற்றவர் தலையாட்ட, கணவனும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பிள்ளை மூன்று முறை கழுவிய இறைச்சியை இரவு ஒரு மணிக்கு எழும்பி ஆக்கியவள். கொழும்பில் இறங்கியதும் உடனே சாப்பிட்டுவிடுவோம் என்று சொன்னவர்கள் ஆண்கள். வழியில் இரண்டு இடத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குள் நுழைந்து கதைத்துக் கொண்டு இருந்தவர்களும் ஆண்கள். சட்டியைத் தூக்கி வேனில் வைத்ததும் அவர்கள்தான், அதையும் எஞ்சின் சூடு அடிக்கிற இடத்தில். அன்றுக்குப் பிறகு அந்த வீட்டு விருந்தில் அவளை அடுப்படிக்கு விடுவதில்லை. இதை நினைக்கும் போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

"சூடாக்கிச் சாப்பிட்டா சரிதானே" என்று கேட்பவர்களுக்கு. பாதி சரி. நன்றாகக் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கினால் நான் சொன்ன அந்தப் பற்றீரியா செத்துவிடும். ஆனால் நாம் செய்வது என்ன? முப்பது பேருக்கான சட்டியை அடுப்பில் வைத்து, ஓரத்தில் ரெண்டு கொப்புளம் வந்ததும் "சூடாகிட்டு" என்று இறக்குவது. நடு ஆறியே கிடக்கும். அதோடு, எல்லாக் கிருமியும் இந்த ரகமில்லை. நம் மூக்கிலும் கையிலும் கைப்புண்ணிலும் இருக்கும் ஸ்டெபிலோகொக்கஸ் உணவுக்குள் ஒரு நஞ்சைச் சுரக்கும். கிருமி செத்தாலும் அந்த நஞ்சு கொதியில் அழியாது. சோற்றில் வரும் பசிலஸ் சீரியஸ் என்ற பற்றீரியாவின் வாந்தி நஞ்சும் அப்படித்தான். நெய்ச்சோற்றையும் புரியாணியையும் சூட்டோடு அமுக்கிக் கட்டிக் கொண்டு போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சாப்பிட்டு ஒன்று இரண்டு மணித்தியாலத்தில் குடல் வெளியே வருவது போல வாந்தி வந்தால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். மணத்திப் பார்த்தோம், நல்லாத்தான் இருந்தது என்றும் சொல்வார்கள். இந்த நஞ்சுகளுக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை.

இனி விலா எலும்புக்கு வருகிறேன். பொடியன்மார் கோபிக்கக் கூடாது. யூடியூப் பார்த்து, பழைய பரலை வெட்டிக் கதவு வைத்து, கொய்யா விறகும் சிரட்டைக் கரியும் போட்டு, ஐந்து ஆறு மணித்தியாலம் பக்கத்தில் இருந்து பார்த்து எடுக்கிறீர்கள். கையில் போன் மட்டும் இருந்த பிள்ளைகள் நெருப்புக்கு முன்னால் பொறுமையாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். குர்பானில் முன்பு ஆணத்துக்கு எலும்பாகப் போன விலாவுக்கு ஒரு மரியாதையும் வந்திருக்கிறது. ஆனால் "புகை போட்ட இறைச்சி பழுதாகாது டீச்சர், அந்தக் காலத்துல அடுப்புக்கு மேல தொங்கவிட்டு மாசக்கணக்கா வெச்சாங்களே" என்று சொல்கிறீர்களே, அதுதான் பிழை.

அந்தக் காலத்து இறைச்சியை வைத்திருந்தது புகை மட்டும் இல்லை. உப்பும் மஞ்சளும் தடவி, மெல்லிய துண்டாக வெட்டி, வெயிலில் காயப் போட்டு, பிறகு அடுப்புக்கு மேல் நாட்கணக்கில் கட்டித் தொங்கவிட்டார்கள். தண்ணீர் முழுக்க வற்றி விறகுக் கட்டை போல ஆகும். கல்லில் போட்டு இடித்துத்தான் சமைக்க வேண்டும். தண்ணீர் இல்லாத, உப்பு மிகுந்த இடத்தில் பற்றீரியா பெருகாது. நீங்கள் எடுக்கும் விலா எப்படி? எலும்பைப் பிடித்து இழுத்தால் சதை கழன்று வர வேண்டும், கடித்தால் சாறு வடிய வேண்டும். சாறு என்றால் தண்ணீர். உங்கள் புகை கொடுப்பது நிறமும் மணமும் ருசியும். காவல் கொடுக்காது. அடுப்பில் இருந்து இறக்கிய பிறகு அது இன்னொரு சமைத்த இறைச்சி, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்கிறார்கள். வெளிநாட்டில் அலுமினியத் தாளில் சுற்றி, துவாய் போட்டு மூடி, ஐஸ் பெட்டிக்குள் வைத்து மணிக்கணக்கில் சூடாகக் கொண்டு போகிறார்களாம். கொண்டு போகிறார்கள்தான். ஆனால் அவர்கள் பெட்டிக்குள் முதலில் கொதிதண்ணீர் ஊற்றி அதைச் சூடாக்கிவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிட்டு இறைச்சியை வைக்கிறார்கள். பெட்டியில் வெற்றிடம் விடாமல் துவாயால் நிரப்புகிறார்கள். முக்கியமாக, இறைச்சிக்குள் வெப்பமானி குத்தி 60க்கு மேல் நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். அப்படி நெடுநேரம் தாக்குப் பிடிப்பதும் நாலைந்து கிலோ நெஞ்சு இறைச்சி போன்ற தடித்த துண்டுதான். விலா மெல்லியது, பரப்புக் கூட, சீக்கிரம் ஆறிவிடும். பெரிய கல் இரவிலும் சூடாக இருக்கும், ஓடு மஃரிபுக்கே ஆறிவிடும் அல்லவா, அந்த மாதிரி. ஓட்டமாவடிக்கோ கல்முனைக்கோ ஒரு மணித்தியாலத்தில் போகிறவர்கள் இந்த முறையில் சூடாகவே கொண்டு போய் இறங்கியதும் சாப்பிடலாம், ருசியும் அப்படித்தான் நன்றாக இருக்கும். கொழும்புக்கு இது சரிவராது.

கொழும்புக்கு என்றால் குளிர்தான் வழி. நம்மட மக்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையே இல்லை. கடற்கரையில் இருந்து மீன் லொறி பேலியகொடைச் சந்தைக்குப் போகிறது. ஒரு மீன் வியாபாரியாவது பாரை மீனைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி லொறியில் ஏற்றியதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு வரிசை ஐஸ், ஒரு வரிசை மீன், மேலே மறுபடி ஐஸ். அவருக்கு யாரும் விஞ்ஞானம் படிப்பிக்கவில்லை. காசு நட்டம் வரும் என்று தெரியும், அதனால் செய்கிறார். முன்பின் தெரியாத ஒருவன் வாங்கப் போகும் மீனுக்கு இருக்கும் கவனிப்பு, சொந்த உம்மா சாப்பிடப் போகும் இறைச்சிக்கு இல்லை.

செய்வது கஷ்டமும் இல்லை. போகிற நாளுக்கு முதல் நாள் பகல் சமையுங்கள். இரவு ஒரு மணிக்கு யாரும் எழும்ப வேண்டாம். கறியை அந்தப் பெரிய சட்டியிலேயே ஆறவிடாதீர்கள். அகலமான தட்டுகளில் இரண்டு விரல், மூன்று விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். காற்றாடிக்குக் கீழே, அல்லது தண்ணீர் ஊற்றிய பேசினுக்குள் தட்டை வைத்தால் சீக்கிரம் ஆறும். ஆவி அடங்கியதும், எப்படியும் இரண்டு மணித்தியாலத்துக்குள், பிரிஜ்ஜுக்குள் போக வேண்டும். முற்றாக ஆறிக் குளிர்ந்த பிறகுதான் பிரிஜ்ஜில் வைக்க வேண்டும் என்று இரவு முழுக்க மேசையில் விடுவது நம் வீடுகளில் உள்ள பெரிய பிழை. விலாவை இரண்டு இரண்டு எலும்பாக வெட்டி, அலுமினியத் தாளில் சுற்றி, அதையும் இரவு முழுக்கக் குளிரவிடுங்கள். தண்ணீர்ப் போத்தல்களை முதல் நாளே பிரீசரில் போட்டுக் கட்டியாக்கி வையுங்கள். விடிய ரெஜிபோம் பெட்டியில் கீழே போத்தல், நடுவில் மூடி இறுகிய டப்பாக்கள், மேலே மறுபடி போத்தல். மீன் போன பெட்டி வேண்டாம், புதுப் பெட்டி வாங்குங்கள். ஒரு கிலோ ஐஸ் உருகி முடிய எடுக்கும் வெப்பம், ஒரு கிலோ தண்ணீரை 80 பாகை சூடாக்கும் வெப்பத்துக்குச் சமம். அதனால்தான் போத்தலில் கட்டி மிஞ்சி இருக்கும் வரைக்கும் பெட்டி காவலில் இருக்கிறது. பெட்டியை வழியில் திறந்து யாருக்கும் காட்டாதீர்கள். வேனில் ஏசி அடிக்கிற இடத்தில் வையுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் கறியைச் சின்னச் சட்டிகளில் பிரித்து, கிளறிக் கிளறி, நடுவும் கொதிக்கும் வரை சூடாக்குங்கள். விலாவைத் தாளோடு அவணில் வையுங்கள். அவண் இல்லாத வீட்டில் இடியப்பம் அவிக்கிற சட்டியில் ஆவியில் வையுங்கள். சதைக்குள் 75 பாகை வந்தால் போதும். ஆவியில் வைத்தால் மேலே உள்ள மொறுமொறுப்பு கொஞ்சம் போகும், ஒத்துக் கொள்கிறேன். பிறகு ஒருதரம் கரி நெருப்பில் காட்டி எடுங்கள், திரும்பி வரும்.

பச்சை இறைச்சியும் அதே வேனில் போகுமென்றால் அதற்கு வேறு பெட்டி. பங்கு இறைச்சியை சொப்பிங் பேக்கில் கட்டி, சமைத்த கறிக்கு மேலேயே வைத்து, இரத்தம் ஒழுகிக் கறிச்சட்டி மூடியில் நிற்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பஸ்ஸில் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கொழும்பு பஸ்ஸில் மாட்டிறைச்சி சாப்பிடாத சகோதரர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். தட்டில் இருந்து ஆணம் ஒழுகி அவர்கள் பைக்குக் கீழே போனால் அது அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். பஸ்ஸில் போவதென்றால் தயவுசெய்து ஒழுகாத பெட்டி, இல்லாவிட்டால் வெறுங்கை.

வெறுங்கை என்றதும் சிலருக்கு முகம் சுருங்கும். எனக்குத் தெரியும், உண்மையான பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. ஐஸும் போத்தலும் எல்லாருக்கும் விளங்கும். "சமைக்காமக் கொண்டு வந்து போட்டுட்டாங்க", "எங்கட வீட்டுக் கறி ஆறிப் போய்த்தான் வந்திச்சாம்" என்ற கதைதான் விளங்காமல் தடுக்கிறது. குளிர்ந்த டப்பாவில் கறி வந்தால் மரியாதைக் குறைவாம். சட்டியைத் திறந்ததும் ஆவி வர வேண்டுமாம், "இந்தாங்க, சுடச்சுட" என்று சொல்ல வேண்டுமாம். எட்டு மணித்தியாலம் ஓடி வந்த கறியில் சுடச்சுட எங்கே இருக்கிறது? இந்த ஒரு நிமிடப் பெருமைக்காக ஒரு பெண் இரவு முழுக்க அடுப்படியில் நிற்கிறா, உம்மம்மாவின் கையில் சேலைன் ஏறுகிறது. பங்கு இறைச்சியைப் பிரீசரில் கட்டியாக்கி, ஐஸோடு கொண்டு போய், அங்கே உள்ள அடுப்பில் ராத்தாவும் மச்சியும் சாச்சியும் சேர்ந்து ஆக்கினால் என்ன குறைந்துவிடும்? வெங்காயம் உரிக்கக் காக்காமாரையும் உட்கார வையுங்கள். அதுவும் ஒன்றுகூடல்தான்.

"எங்கட மூத்தம்மாமார் எந்த வெப்பமானி வெச்சாங்க" என்று கேட்பார்கள். வைக்கவில்லை. அவர்கள் கறியைக் கொண்டு போனது அடுத்த தெருவுக்கு, கூடினால் அடுத்த ஊருக்கு. தூரப் பயணம் என்றால் கொறுக்காயும் உப்பும் தூக்கலாகப் போட்டு, ஆணம் இல்லாமல் வற்ற வற்றப் பிரட்டிக் கொடுத்தார்கள். மிஞ்சிய கறியைக் காலையும் மாலையும் மறக்காமல் கொதிக்க வைத்தார்கள். புளிப்பும் உப்பும் வற்றலும் கிருமிக்கு ஆகாது என்பது அவர்கள் கைக்குத் தெரிந்திருந்தது. நாம் அவர்களுடைய கறியை விட்டுவிட்டு, தேங்காய்ப்பாலும் ஆணமுமாக ஆக்கி, அவர்களுடைய துணியை மட்டும் எடுத்துக் கொண்டோம்.

மார்க்கத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. குர்பான் மாடு வாங்கும் போது எவ்வளவு பார்க்கிறோம்! இரண்டு வயது பூர்த்தியா, நொண்டியா, கண் பார்வை சரியா, நோய் இருக்கிறதா. கத்தி கூரா என்று பார்க்கிறோம். ஒரு மாட்டுக்கு இன்னொரு மாட்டை அறுப்பதைக் காட்டக் கூடாது என்று மறைக்கிறோம். அறுத்து, பங்கு வைத்து, ஏழைக்குக் கொடுத்து, எல்லாம் ஒழுங்காகச் செய்கிறோம். அதற்குப் பிறகு அதே இறைச்சியை வேனில் பத்து மணித்தியாலம் புழுங்கவிட்டுச் சொந்தக்காரருக்குக் கொடுக்கிறோம். குர்ஆனில் உண்பதைப் பற்றி வரும் இடத்தில் ஹலாலோடு தய்யிப் என்ற சொல்லும் சேர்ந்தே வருகிறது. ஹலாலுக்கு நாம் நாடு முழுக்கப் போராடினோம். தய்யிபுக்கு ஐஸ் போத்தல் நாலு வைக்கச் சோம்பல்.

வீட்டுச் சமையலைப் பார்க்க யாரும் வர மாட்டார்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் கடைக்காரனைக் கேட்கும், வியாபாரியைக் கேட்கும். உங்கள் வேனுக்குள் பீஎச்ஐ வந்து எட்டிப் பார்க்க மாட்டார். நாமே பார்த்துக் கொள்ள வேண்டியது இது. ஆனால் ஏதும் நடந்துவிட்டால் மறைக்காதீர்கள். உணவு விஷமாதல் நம் நாட்டில் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இருக்கிறது. "குடும்ப மானம் போகும்" என்று வைத்தியரிடம் என்ன சாப்பிட்டோம் என்பதைச் சொல்லாமல் விடுகிறார்கள். சொல்லுங்கள். பிள்ளைக்கும் வயசாளிக்கும் கர்ப்பிணிக்கும் வயிற்றால் போனால் ஜீவனி கரைத்துக் கொடுக்கத் தொடங்குங்கள். சிறுநீர் குறைந்தால், கண் உள்ளே போனால், மலத்தில் இரத்தம் கண்டால் விடியும் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர்கள் இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். பெருநாளுக்கு முந்திய ஜும்ஆவில் உழ்ஹிய்யாவின் சட்டங்களைச் சொல்வீர்கள், கழிவுகளை எங்கே புதைப்பது என்று சொல்வீர்கள், மற்ற மதத்தவர் மனம் நோகாமல் நடக்கச் சொல்வீர்கள். எல்லாம் தேவை. அதோடு இரண்டு நிமிடம் இந்த இறைச்சிப் பயணத்தையும் சொல்லச் சொல்லுங்கள். பெண்களுக்கு நான் சொல்லிப் பயனில்லை, அவர்களுக்கு ஏற்கனவே விளங்கும். வேன் எத்தனை மணிக்குப் புறப்படும், எங்கெங்கே நிற்கும், சட்டி எங்கே வைக்கப்படும் என்று தீர்மானிக்கிறவர்கள் முதல் வரிசையில்தான் தொழுகிறார்கள்.

உணவுக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று எங்கட வீட்டில் இருக்கிறது. விலா புகை போடும் பொடியன்மாரும், வேன் பிடித்துப் போகும் குடும்பங்களும் வந்து கேட்டால் தருவேன். பெருநாள் இரண்டாம் நாளைக்கு ஏற்கனவே ஒரு வீட்டார் சொல்லி வைத்திருக்கிறார்கள், மூன்றாம் நாளும் நாலாம் நாளும் இன்னும் யாரும் கேட்கவில்லை. கழுவித் துடைத்துத் திருப்பித் தந்தால் போதும்.